இரண்டாம் வாதி

"வாதி வெர்லின் டாக்கெட், அற்பமான வழக்குகளை அடுத்தடுத்துத் தொடுத்து நீதிமன்றத்தின் நேரத்தை வீணடித்து வருபவர். ஏழைக் கைதிகளுக்குச் சட்டம் தரும் கட்டணச் சலுகையை மூன்று முறை தவறாகப் பயன்படுத்தியவர். இந்த மனுவில் தம் பழைய வழக்குகளை வேண்டுமென்றே மறைத்தவராகவும் தோன்றுகிறார்."

2012 மார்ச் கடைசியில் கூட்டரசு நீதிமன்றத்திலிருந்து வந்த ஆணையின் முதல் பத்தி இது. பிளாங்க் க்ரீக் சிறைக்கு இது வந்து சேர்ந்த காலையில், மேற்படி வாதி சமையற்கூடத்தில் சோள ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்கு அறுபது துண்டு. கொஞ்ச நாளாகவே வலது ஓரத்துத் துண்டுகள் கோணலாக வந்துகொண்டிருந்தன. யாரும் கேட்கவில்லை. கோணல் துண்டு எப்போதும் கொஞ்சம் பெரிது.

இந்த ஐம்பத்தெட்டு வயது மனிதர் தம் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் நீதிமன்றத்தில் நின்றிருக்கிறார். குடித்துவிட்டு மைத்துனனின் புகையிலைக் கொட்டகைக்குத் தீ வைத்த வழக்கு அது. அரசு கொடுத்த வக்கீல் பையைத் திறந்து காகிதத்தை எடுப்பதற்குள் இவரே நீதிபதியிடம் சொல்லி முடித்துவிட்டார்: "ஆமாங்கய்யா, நான்தான் கொளுத்தினேன். மொத தடவ பிடிக்கல. ரெண்டாவது தடவதான் பிடிச்சுது." இரண்டாவது தடவை என்ற விவரத்தை அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. வக்கீல் பையை மூடிக்கொண்டார். பதினான்கு ஆண்டில் முடிந்திருக்க வேண்டியது பதினெட்டானது. சொந்த வழக்கிலேயே வாய்தா கேட்கத் தெரியாத இந்த ஆள்தான் நீதிமன்றத்தை அலைக்கழித்து வருகிறாராம்.

நான் அப்போது சிறையின் சட்ட நூலகத்தில் எழுத்தர். நானும் கைதிதான்; என் சிறை எண்ணும் அவருடையதும் ஒரே வரிசை. வெளியே பள்ளியில் பாடம் நடத்தியவன் என்பதால் எல்லோருக்கும் நான் வாத்தியார். ஆணையைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி மதியம் வந்தார். நாற்காலியில் மோதி, நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, வேற எவனோ ஒரு டாக்கெட்டுக்கு வந்தத என் தலையில கட்டிட்டாங்க."

"உங்க நம்பர்தான் போட்டிருக்கு."

"நம்பர் சரி. ஆளு நான் இல்லியே. இவன் பெரிய கேடியா இருப்பான் போலிருக்கு."

கேடி யார் என்று அவருக்கு விளங்க வைப்பதற்கு முன், நாங்கள் இருந்த டி கொட்டடியின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்பது கட்டில் போட்ட தகரக் கூரைக் கொட்டடி அது. வாரத்துக்கு இரண்டு தாளாவது கட்டில் கட்டிலாகச் சுற்றி வரும். ஐஸ் வேண்டுவோர் பட்டியல், தாயை இழந்தவனுக்கு அனுதாப அட்டை, கூடைப்பந்துப் போட்டிக்குப் பந்தயக் கட்டம், இப்படி எதுவாகவும் இருக்கலாம். தாள் வந்தால் கையெழுத்தைப் போட்டு அடுத்த கட்டிலுக்குத் தள்ளிவிட வேண்டும். உட்கார்ந்து படிக்கக் கூடாது. படிக்கிறவன் பெயர்களை மனப்பாடம் செய்கிறான் என்று பொருள். யாருக்காக மனப்பாடம் செய்கிறான் என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்வி எழுந்த பிறகு ஒருவன் குளியலறைக்குத் தனியாகப் போவது நல்லதல்ல. ஆகவே டி கொட்டடியில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் மரியாதை. வெர்லின் டாக்கெட் மிகவும் மரியாதை தெரிந்தவர்.

அவருக்கு அடுத்த கட்டில் க்ளியோஃபஸ் ராட்லிஃபுடையது. வடக்கே இரும்பாலை ஊரிலிருந்து வந்த நெடிய கறுப்பு மனிதர். கண்ணாடியை ஷூ நாடாவால் கழுத்தில் கட்டியிருப்பார். சிறையில் இருந்தபடியே சட்டம் படித்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர். எல்லோரும் அவரை வக்கீலய்யா என்பார்கள், பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும். பதினான்கு ஆண்டுக்கு முன் அரசின் மீது ஒரு வழக்கில் உண்மையாகவே வென்றவர் அவர். நஷ்டஈடு ஒரு டாலர். அந்தக் காசோலையின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். அதைப் பார்த்த பிறகு அவர் சொல்லும் சட்டத்தை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது.

ராட்லிஃப் எந்த வழக்கு எழுதினாலும் முதல் கையெழுத்து அவருடையது. தாள் அடுத்த கட்டிலுக்குப் போகும். ஆகவே மூன்று வழக்கிலும் இரண்டாம் வாதி வெர்லின் டாக்கெட்.

பழைய மனுக்களின் நகலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதுல ரெண்டாவது பேரு யாரோடது?"

"என்னோடது."

"கையெழுத்து?"

"அதுவும் என்னோடதுதான். நல்லா வந்திருக்கு."

"அப்ப இந்தக் கேஸப் போட்டது யாரு?"

"க்ளியோஃபஸ்."

"நீங்களும்தான்."

"அட, நான் ஐஸுக்குத்தானய்யா கையெழுத்துப் போட்டேன்!"

"ஐஸ் வந்துச்சா?"

"வரல. இங்க எதக் கேட்டு எது வந்திருக்கு?"

முதல் வழக்கு கடிகாரத்தைப் பற்றியது. ஐந்தாண்டுக்கு முன் எங்கள் மாவட்டத்தை ஒரு நேர மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்கள். சிறைக் கடிகாரங்களெல்லாம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. எங்கள் வாழ்நாளில் ஒரு மணி நேரத்தை அரசு திருடிவிட்டது என்று முப்பத்தொரு பேர் வழக்குப் போட்டார்கள். முன்னே தள்ளினால் தண்டனையில் ஒரு மணி நேரம் குறையத்தானே செய்யும், வாதிகள் எதை எதிர்க்கிறார்கள் என்று புரியவில்லை என நீதிபதி அடிக்குறிப்பில் எழுதித் தள்ளுபடி செய்தார். ராட்லிஃபுக்கு இன்றுவரை அந்த அடிக்குறிப்பில் உடன்பாடில்லை. மூன்றாவது, கூடைப்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே தொலைக்காட்சியை நிறுத்தியது. இரண்டாவதைத்தான் நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது சோள ரொட்டி. துண்டு சின்னதாயிடுச்சுன்னு."

வெர்லினுக்கு முகம் சிவந்தது. "எந்தத் திருட்டுப்பய சொன்னான்? நான்தானய்யா வெட்டுறேன்!"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இங்க பாருங்க, ரெண்டாவது வாதி."

அவர் தம் பெயரின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் என் மேலயே கேஸ் போட்டிருக்கேனா?"

"உங்க மேல இல்ல. சிறை அதிகாரி மேல."

"ஆனா கத்தி என் கையிலல்ல இருந்துச்சு."

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டணச் சலுகை என்பதைக் கேட்டதும் ஏழைக்கு இலவசம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கைதிக்கு அது இலவசமல்ல, தவணை. கூட்டரசு நீதிமன்றத்தில் வழக்குப் போட முந்நூற்றைம்பது டாலர். கையில் இல்லாத கைதியின் சிறைக் கணக்கில் மாதாமாதம் விழும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். முப்பத்தொரு பேர் சேர்ந்து போட்டால் கட்டணம் முப்பத்தொன்றாகப் பிரியாது. ஒவ்வொருவருக்கும் முழு முந்நூற்றைம்பது. ஒருவனுடைய மூன்று வழக்குகள் அற்பம் என்று தள்ளப்பட்டுவிட்டால் அந்தத் தவணையும் கிடையாது. அடுத்த வழக்குக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: உடம்புக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும். அதாவது ஏழை என்பதால் உள்ளே விடப்பட்டவன், மூன்று முறை தோற்றால், சாகப்போகிறேன் என்று நிரூபித்தால்தான் மறுபடி ஏழையாகலாம்.

மூன்று வழக்குக்கும் சேர்த்து மாதம் பதினாறு டாலர் சம்பளத்தில் ஒன்பது டாலர் அறுபது சென்ட் பிடித்தம். இது எதற்கு என்று ஐந்தாண்டில் அவருக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்டேன்.

"வரின்னு நெனச்சேன்" என்றார்.

உண்மைதான். மழையில் மைதானத்து வழி சேறானால், "நானும் வரி கட்டுறவன்தான், கொஞ்சம் சரளையாவது கொட்டக் கூடாதா?" என்று அவர் காவலரிடம் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். கொட்டடியில் தன்னை மட்டும் அரசு குடிமகனாக மதிக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை நான் அன்று எடுத்துவிட்டேன்.

அவர் தாமாக, தெரிந்தே போட்ட வழக்கு நான்காவது மட்டும்தான். அவருக்குக் கண் அழுத்த நோய். காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும்; நிறுத்தினால் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கித் தேயும், தேய்ந்தது திரும்பாது. சிறை மருத்துவத்தை நடத்தும் ஒப்பந்தக்காரர் மாறினார். புதியவரின் பட்டியலில் அந்த மருந்து இல்லை. பட்டியலில் சேர்க்க மருத்துவர் எழுத வேண்டும். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்த அன்று கொட்டடியில் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது, யாரும் அசையக் கூடாது. இப்படியே ஐந்து மாதம். சீட்டு விளையாடும்போது இரண்டு சிவப்பு ஜாக்கியும் அவருக்கு ஒன்றாகத் தெரிய ஆரம்பித்தன. எங்கள் ஊரில் பேசத் தெரியாத பிள்ளைக்கும் யூக்கர் என்னும் சீட்டாட்டம் தெரியும். அதில் ஜாக்கிதான் பெரிய சீட்டு; ஜாக்கியை அடையாளம் தெரியாதவன் ஆடவே முடியாது. அவரோடு ஜோடி சேர ஆள் இல்லாமல் போயிற்று. ராட்லிஃப் மட்டும் சேர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்.

வழக்குக்கு முன் சிறைக்குள்ளேயே முறையிட வேண்டும். வெர்லின் முறையிட்டார். "ஒரு படிவத்தில் ஒரு குறைதான் எழுதலாம், நீங்கள் இரண்டு கண்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்" என்று திரும்பி வந்தது. இரண்டு படிவம் போட்டார். இடது கண் ஏற்கப்பட்டு, விசாரிக்கப்பட்டு, மறுக்கப்பட்டது. வலது கண், ஏற்கெனவே சொன்னதையே சொல்கிறது என்று நிராகரிக்கப்பட்டது. வலதுதான் மோசமான கண். ஆனால் முறையீட்டு வழிகளை முழுதாக முடித்தது இடதுதான் என்பதால், சட்டப்படி வழக்குப் போடும் தகுதி இடது கண்ணுக்கு மட்டும்தான்.

மனுப் படிவத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: சிறையில் இருக்கும்போது இதற்கு முன் வழக்குத் தொடுத்திருக்கிறீர்களா? அவர் மனச்சாட்சியைத் தொட்டுப் பார்த்து 'இல்லை' என்று எழுதினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த ஆணை. இருபத்தொரு நாளுக்குள் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். ஒன்று, பொய் சொன்னதற்காக வழக்கை ஏன் தூக்கியெறியக் கூடாது? இரண்டு, உடனடி ஆபத்து என்ன?

அன்று மாலை ராட்லிஃப் இருபத்திரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்.

"டாக்கெட்டு, கவலப்படாத. மூணு கையெழுத்தும் உன்னோடது இல்லன்னு எழுதியிருக்கேன். எவனோ போலியாப் போட்டுட்டான்."

"எவன்?"

"அது கோர்ட்டு கண்டுபிடிக்கட்டும்."

"என் கையெழுத்துதானே க்ளியோஃபஸ்? பொய் சொன்னேன்னு கூப்பிட்டு விசாரிக்கிறாங்க. அதுக்குப் பதில் சொல்ல இன்னொரு பொய் சொல்லணுமா?"

"அப்ப படிக்காமப் போட்டேன்னு சொல்லு. அற்பமான கேஸுன்னு தெரியாதுன்னு..." சொல்லிக்கொண்டே வந்த ராட்லிஃப் அங்கே பேனாவை மூடினார். "அற்பம்னு நான் எழுத மாட்டேன். அது மூணும் நல்ல கேஸு."

"அந்த ரொட்டிக் கேஸுமா?"

"நீ கொஞ்சம் பெருசா வெட்டியிருந்தா அந்தக் கேஸே வந்திருக்காதுய்யா."

கடைசியில் ஒன்றரைப் பக்கம் போயிற்று. கையெழுத்து என்னுடையது, படிக்கவில்லை, வழக்கு என்று தெரியாது, கண் தெரியவில்லை. ராட்லிஃபின் பார்வையில் அது மனுவே அல்ல. ஒரு மேற்கோள்கூட இல்லை.

குழப்பம் இத்தோடு தீர்ந்திருக்கலாம். ஆனால் ஏப்ரல் மூன்றாம் தேதி மருந்து வந்துவிட்டது.

மருத்துவர் முறைப்படி வந்தாரா, வழக்குச் செய்தி யார் காதிலாவது விழுந்ததா, தெரியாது. மாத்திரை வரிசையில் நர்ஸ் மிசஸ் ஈட்ஸ் ஒரு சின்னப் புட்டியை நீட்டினார். ஒரு மாதத்துக்கான மருந்து. அடுத்த மாதம் வருமா என்று கேட்டதற்கு, "இந்த மாசம் வந்திருக்குல்ல, வாங்கிட்டுப் போ" என்றார். வெர்லின் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொட்டடிக்கு வந்தார். ராட்லிஃப் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மூடியத் தொறந்துடாத!"

"ஏன்? இதுக்குத்தான அஞ்சு மாசமாக் கத்துறேன்?"

"அதனாலதான் சொல்றேன். ஆபத்து இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. நீ சொட்டு விட்ட அடுத்த நிமிஷம் ஆபத்து போச்சு. ஆபத்து போனா சலுகை போச்சு. முந்நூத்தி அம்பதையும் மொத்தமாக் கட்டுன்னுவான். உங்கிட்ட எவ்வளவு இருக்கு?"

"இருபத்திரண்டு டாலரு."

"கேஸ் செத்துச்சுன்னா அடுத்த மாசப் புட்டிய யாரு தருவா? இந்த ஒரு புட்டியக் காட்டி உன் வாய அடைக்கப் பாக்குறாங்க. ஜட்ஜு ஆணை போடுறவரைக்கும் பொறுத்துக்க."

நான் மறுத்தேன். ஆபத்து இருந்ததா என்று பார்ப்பது மனுவைத் தபால் காவலர் கையில் கொடுத்த நாளை வைத்துத்தான், அதன் பிறகு மருந்து வந்தாலும் ஒன்றும் கெடாது என்றேன். வெர்லின் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். வலப்பக்கம் நின்ற என்னைப் பார்க்கத் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.

"உறுதியாத் தெரியுமா வாத்தியாரே?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும்."

"தெரிஞ்சவரைக்கும்னா, அது எவ்வளவு தூரம்?"

நூலகத்துக்கு ஓடினேன். கணினி பிப்ரவரியிலிருந்து பழுது. அச்சுப் புத்தகத்தில் அந்தத் தலைப்பு இருக்க வேண்டிய பக்கங்களை யாரோ கிழித்துச் சிகரெட் சுருட்டியிருந்தார்கள். எங்கள் சிறையில் சட்டத்தின் பெரும்பகுதி புகையாகத்தான் போயிருக்கிறது. வெறுங்கையோடு திரும்பினேன்.

"க்ளியோஃபஸ் ஒரு கேஸ் ஜெயிச்சவன்" என்றார் வெர்லின், என்னைப் புண்படுத்தக் கூடாது என்ற கவனத்தோடு. "நீங்க எத்தன ஜெயிச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"அதான் பாத்தேன்."

புட்டி தலைமாட்டுப் பலகையில் திறக்கப்படாமல் உட்கார்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள். கண் கெடும் என்பதைச் சட்டத்துக்குக் காட்டுவதற்காக ஒரு மனிதர் கண்ணைக் கெட விட்டுக்கொண்டிருந்தார். கெட்டுப்போனது திரும்ப வராது என்று அவருக்குத் தெரியும். ஆறாம் நாள் சமையற்கூடத்தில் வலப்பக்கத்து அலமாரியில் மோதி நெற்றியில் மூன்று தையல். "நல்லது, இதையும் ஜட்ஜுக்கு எழுதலாம்" என்றார் ராட்லிஃப். சொல்லிவிட்டு, தையலைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். வெகுநேரம் துடைத்தார்.

ஒன்பதாம் நாள் மிசஸ் ஈட்ஸ் புட்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"டாக்கெட், சீலே உடையல. மருந்து போடுறியா இல்லியா?"

"போடணும்மா. ஆனா இப்பப் போடலாமான்னு தெரியல."

"யாரக் கேட்டா தெரியும்?"

"ஜட்ஜ."

"ஜட்ஜு கண் டாக்டரா?" என்று ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். "எனக்கு ரெண்டு வழிதான் இருக்கு. போடு. இல்லன்னா வேண்டாம்னு கையெழுத்துப் போட்டுக் குடு. நாளைக்குக் காலைல சொல்லு."

"மூணாவது வழி?"

"அதுக்குப் படிவம் இல்ல."

படிவத்தோடு நூலகத்துக்கு வந்தார். என்னிடம் கொடுக்காமல் தாமே படித்தார். விரலை வரிக்குக் கீழே வைத்து, இடது கண்ணுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, இருபது நிமிடம். மருந்தின் பயன் எனக்கு விளக்கப்பட்டது. மறுத்தால் பார்வை நிரந்தரமாகப் போகலாம் என்பது எனக்குத் தெரியும். என் சொந்த விருப்பத்தால் மறுக்கிறேன். கீழே ஒரு கோடு. வெர்லின் டாக்கெட் ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ராட்லிஃபும் பின்னாலேயே வந்திருந்தார். "இதுல போட்டுடாத. 'மருந்து குடுத்தோம், அவனே வேண்டாம்னான்'னு காட்டிக் கேஸ முடிச்சுருவாங்க."

"சரி, அப்ப மருந்தப் போட்டுடட்டா?"

"போட்டாலும் கேஸ் செத்துச்சு."

"இப்படிப் போனாலும் செத்துச்சு, அப்படிப் போனாலும் செத்துச்சுன்னா, அந்தக் கேஸு எப்பய்யா உசுரோட இருந்துச்சு?"

ராட்லிஃப் அலமாரியிலிருந்து ஒரு சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, மூடி வைத்தார். அவருக்கு மேற்கோள் கிடைக்காமல் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் வெர்லின் வந்தார், கூடவே ராட்லிஃபும். கண்கள் இரண்டும் ஈரமாக இருந்தன.

"போட்டுட்டேன்" என்றார். "எரியுது. நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டு கண்ணுலயுமா? கேஸு எடது கண்ணுக்குத்தான" என்றார் ராட்லிஃப், பழக்க தோஷத்தில்.

"வலது கண்ணு கேஸப் பத்திக் கேள்விப்படல. அதுக்கும் எரிச்சல்தான்." நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "ஒரு தாள் குடுங்க வாத்தியாரே. ஜட்ஜுக்கு எழுதணும்."

"என்னன்னு?"

"மருந்து போட்டுட்டேன்னு. அவரு பாட்டுக்கு எனக்கு ஆபத்துன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரே."

பத்து நாளாக ஒருவரை ஒருவர் மறுத்துக்கொண்டிருந்த நானும் ராட்லிஃபும் அப்போது ஒரே குரலில் கத்தினோம்: "வேண்டாம்!"

"ஏன்?"

"அவர் கேக்கலியே" என்றேன் நான்.

"உனக்கு எதிரா நீயே சாட்சி சொல்லுவியா?" என்றார் ராட்லிஃப். "ஏற்கெனவே ஒரு தடவ சொல்லி நாலு வருஷம் கூட வாங்கினவன் நீ!"

"அது கொட்டகை. இது வேற" என்றார் வெர்லின். எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. எனக்கும் இன்றுவரை பிடிபடவில்லை.

ஜூன் மாதம் அடுத்த ஆணை வந்தது. ஆபத்து மனு கொடுத்த நாளில் இருந்ததா என்பதே கேள்வி, இருந்தது, முன்கட்டணம் இல்லாமல் வழக்கு நடக்கலாம். அவருக்காக வாதாட ஒரு வக்கீலைத் தேட முயற்சி செய்யப்படும். பழைய வழக்குகளை மறைத்தது கண்டிக்கத்தக்கது, ஆயினும் இம்முறை எச்சரிக்கையோடு விடப்படுகிறது. முந்நூற்றைம்பது டாலர் தவணையில் பிடிக்கப்படும். ஆக, சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு இனி நீதிமன்றத்துக்கு. நான் சொன்ன சட்டம்தான் சரி என்று ஆனது. எனக்கு அதில் மகிழ்ச்சி வரவில்லை. அந்த ஒன்பது நாளில் வலது கண்ணின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது என்று பிறகு வந்த கண் மருத்துவர் சொன்னார். ஒன்பது நாளிலா அதற்கு முந்தைய ஐந்து மாதத்திலா என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. ஜூலையில் மருந்து நேரத்துக்கு வந்தது. ஆகஸ்டில் நான்கு நாள் தாமதம்.

ஆணையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: "வாதி ஏப்ரலில் தாக்கல் செய்த ஒன்பதாம் ஆவணம் பெறப்பட்டது. அவர் அதில் என்ன நிவாரணம் கோருகிறார் என்பது இந்நீதிமன்றத்துக்குப் புரியவில்லை."

அவர் எதையும் கோரவில்லை. ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி காலை ஆறரை மணிக்கு வெர்லின் டாக்கெட் தம் இரண்டு கண்களிலும் ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். விட்டுக்கொண்டதை நீதிபதிக்கு ஐந்து வரியில் எழுதி, எழுதியதைத் தாமே ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுத் தபால் காவலரிடம் கொடுத்தார்.